ஸ்டிக்கர்ல வச்ச சந்தனம்

வண்டி ஓடுற வரைக்கும் மெக்கானிக்க யாரும் நெனைக்க மாட்டாங்க. நின்னா மட்டும் அவன் வீட்டுப் பூனையையும் சேத்து வைவாங்க. றக்வான போற ரோட்டுல கராஜ் வச்சிருக்கேன். அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா ஒயில் மாத்துங்கன்னு கத்திக் கத்தியே தொண்ட தேஞ்சிருச்சி. வண்டி வச்சிருக்கிற மக்களே, நீங்க படுற பாட்டத்தான் நானும் படுறேன்.

இந்த வருசம் எனக்கு ஒரே கவல. புஷ்பம் அக்காகிட்ட மூணு ஸ்கூல் வேன் இருக்கு. அந்த மூணும் சர்விஸுக்கு என்கிட்ட வந்தா கராஜ் பொழச்சிக்கும். இல்லாட்டி பழையபடி கொழும்புக்குப் போயி இன்னொருத்தன்கிட்ட ஸ்பேனர் எடுத்துக் குடுக்கணும்.

ஏழு சத்தம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். "சத்தம் வருது"ன்னு யாராச்சும் சொன்னா, பொனெட்டத் தொறக்க முன்னமே அத வாயால போட்டுக் காட்டுவேன். புஷ்பம் அக்கா மொதத் தடவ வந்து, பிரேக் புடிச்சா சத்தம்னாங்க. "உய்ய்ங்கா? டக்டக்கா? கிர்ர்ர்ரா?"ன்னு ஏழு விதமாப் போட்டேன். எதிர்ல தேத்தண்ணிக் கடையில ஆளுங்க எழும்பியே நின்னுட்டாங்க.

ஏழாவதுக்கு அக்கா தலையாட்டினாங்க. பிரேக் பேட் தேஞ்சி இரும்போட இரும்பு உரசுது! நெஞ்ச நிமித்திக்கிட்டு, "இத முன்னமே பாத்திருக்கணும் அக்கா"ன்னேன். அவங்க என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க. "வேன் ஒரு சத்தந்தான் போட்டிச்சி தம்பி, நீங்க ஏழு போடுறீங்க. மொதல்ல யார செக் பண்றது?"

கிளாக்கர் ஐயா

தேயிலத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவோட கார் கோயிலுக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான் ஓடும். ரெண்டு வருசமா ஒயில் மாத்தல. ஒயில் கம்பிய உருவிப் பாத்தா கித்துள் பாணி மாதிரி பாகா இழுபடுது. "ஓடாட்டியும் ஒயில் கெட்டுப்போகும் ஐயா"ன்னேன். அவரு நல்லா ஒரு தரம் இருமினாரு. கார் ஸ்டார்ட் ஆகுற அதே சத்தம். "நானுந்தான் ரெண்டு வருசமா டொக்டர்கிட்ட போகல. நல்லாத்தானே இருக்கேன்?"

அப்பளம் அளவு பக்தி

ஆயுத பூசைக்கு எல்லா வண்டியையும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சி, டயருக்கு அடியில எலுமிச்சங்கா வைப்போம். அன்னைக்கு என் காரையும் கழுவினேன். கண்ணாடியில சர்விஸ் ஸ்டிக்கர் பளிச்சின்னு தெரிஞ்சிச்சி. அடுத்த ஒயில் எப்பன்னு என் கையெழுத்துலயே இருக்கு. அதத் தாண்டி ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடியாச்சி! பூசைக்கு வர்றவங்க பாத்தா மானம் போயிரும். அதனால அந்த ஸ்டிக்கர் மேல அப்பளம் அளவுக்குச் சந்தனத்த அப்பிட்டேன்.

பக்கத்து டயர் கட சுனில் சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசுவாரு. சாமிய 'தெய்யோ'ம்பாரு. சந்தனத்த ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு கேட்டாரு: "அண்ணே, ஒயிலும் தெய்யோதான் மாத்தணுமா?"

மூணாவது வளைவு

ஒரு வாரம் போயி அக்கா போன் பண்ணினாங்க. "வேன் மூணும் தோட்டத்துலதான் நிக்கிது. மேல வந்து பாருங்க, சரின்னா ஒங்களுக்கே தர்றேன்." புதுச் சட்டயப் போட்டுக்கிட்டுக் கெளம்பினேன். மூணாவது வளைவுல என் கார் உய்ய்ங்னுச்சி. அப்புறம் டக்டக். அப்புறம் கிர்ர்ர். நான் வாயால போடுறதெல்லாம் வரிசயா வந்திச்சி. கடைசில சத்தமே இல்ல. அத மட்டும் நான் பழகினதே இல்ல.

என்னையக் காணோம்னு அக்காவே வெறும் வேன எடுத்துக்கிட்டு எறங்கி வந்தாங்க. "இப்ப என்ன சத்தம் தம்பி?" இந்தத் தடவ நான் மொதல்ல பொனெட்டத்தான் தொறந்தேன். ஒயில் கம்பிய உருவினாங்க, காஞ்சி கெடக்கு. நேரா கண்ணாடிகிட்டப் போயி, நகத்தால சந்தனத்தச் சொரண்டிப் படிச்சாங்க. மீட்டரையும் எட்டிப் பாத்தாங்க. "ஏழாயிரம் தாண்டிருச்சி அக்கா"ன்னு நானே சொல்லிட்டேன். எனக்குக் கொழும்புக்குத் திரும்பிப் போற பஸ்ஸே கண்ணுக்குத் தெரிஞ்சிச்சி.

அக்கா வேன்ல கயித்தக் கட்டி கராஜ் வரைக்கும் இழுத்துட்டு வந்தாங்க. தேத்தண்ணிக் கட பூரா வேடிக்க பாக்குது. கயித்த அவுத்துக்கிட்டே சொன்னாங்க: "ஒயில் மாத்தாட்டி என்ன ஆகும்னு இந்தப் பக்கத்துல ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். மூணு வேனும் ஒங்ககிட்டதான். ஆனா ஸ்டிக்கர் நாந்தான் எழுதுவேன், ஒங்க காருக்கும் சேத்து."

இப்ப என் கார் கண்ணாடியில அக்கா கையெழுத்து இருக்கு. சந்தனத்த நான் நெத்தியில மட்டுந்தான் வச்சிக்கிறேன்.