முழங்கால் உயர ஜன்னல்கள்

போன தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போயிருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் பூத். புதுக் கட்டடம், தளம் போட்டது, ரோஸ் பெயிண்ட் அடித்தது. நான் உள்ளே கால் வைத்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் நின்றதும், மூச்சை யாரோ துணியால் பொத்தினாற்போல் ஆகிவிட்டது. மை வைக்கிற பெண் கையிலிருந்த காகிதத்தால் விசிறிக்கொண்டே, "எப்புடித்தான் ஆத்தா இந்தப் பிள்ளைக இதுக்குள்ள உக்காந்து படிக்குதுக?" என்று கேட்டாள். விரலை நீட்டி மையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அதே இடத்தில் முன்பு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு மண் சுமந்தவள் நான். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு அதிகம் கிடையாது. இருப்பதை விட்டுக்கொடுக்கிற ஆளும் நான் இல்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் சர்க்கார் வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். கண்டிச் சீமைக்குப் போன என் வீட்டுக்காரர் போனவர் போனவர்தான். மகள் பாக்கியம் அப்போது இடுப்புக் குழந்தை. அவளை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டுத்தான் சட்டி தூக்கினேன்.

கட்டடத்துக்கு வந்த ஓவர்சியர் சமஸ்தானத்து மராமத்து இலாகாவில் இருந்தவர். புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். வந்த முதல் நாள் அவர் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். உச்சி வெயிலில், ஒன்றுமே இல்லாத புறம்போக்கில், வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துக்கென்று வந்திருந்த பெரிய வாத்தியாரையும் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி முழங்காலுக்கு நேரே ஒரு தரம், கழுத்துக்கு நேரே ஒரு தரம் பிடித்துப் புகை எங்கிட்டுப் போகிறது என்று பார்த்தார். என்னோடு சட்டி தூக்கின முத்துக்கருப்பி, "ஓவர்சியருக்குச் சாமி வந்துருச்சுடி, துன்னூறு கேளு" என்றாள். அது அவர் காதில் விழுந்துவிட்டது. கோபப்படவில்லை. "பிள்ளைக பெஞ்சியிலயா உக்காரப் போகுது? தரையில. அதுக எந்த ஒசரத்துல உக்காருதோ அந்த ஒசரத்துல காத்து வரணும்த்தா" என்றார்.

அப்படித்தான் கட்டினோம். கிழக்கு மேற்காக நீளம். காலை வெயிலும் மாலை வெயிலும் அறைகிற இரண்டு குட்டைச் சுவரிலும் ஒரு பொந்துகூடக் கிடையாது. எல்லாம் செம்புறாங்கல், ஒரு முழத்துக்கு மேல் கனம். தெற்கே தாழ்வாரம் நன்றாகத் தாழ இறங்கும். வெயில் அதைத் தாண்டி உள்ளே வராது. அந்த நிழலில்தான் வரிசையாக ஜன்னல்கள், முழங்கால் உயரத்தில். எதிரே வடக்குச் சுவரில் கூரை ஓட்டுக்கு அடியில் புறாக்கூடு போல ஓட்டைகள். உள்ளே இருக்கிற சூடு மேலே ஏறி அந்த வழியாக வெளியே போய்விடுமாம். ஊரில் யாரும் அப்படி ஜன்னல் பார்த்ததில்லை. ஆடு எட்டிப் பார்க்கவா வைத்திருக்கிறார் என்று கேலி பேசினார்கள். ஆடும் எட்டிப் பார்த்தது, பொய்யில்லை. ஒரு வெள்ளாடு தலையை உள்ளே விட்டு ஒரு பிள்ளையின் புத்தகத்தில் பாதிப் பாடத்தைத் தின்றுவிட்டுப் போனது. ஆனால் பங்குனி வெயிலில் அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே போனால், கண்மாயில் முழங்கால் மட்டும் இறங்கி நின்ற மாதிரி இருக்கும். போகும்போது ஓவர்சியர் பெரிய வாத்தியாரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், தெற்கு ஜன்னலை மட்டும் யாரையும் அடைக்க விடாதீர்கள் என்று.

பெரிய வாத்தியார் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். மெல்லப் பேசுவார். அந்த ஜன்னல்களை அவர் பார்த்துக்கொண்டது போல நான் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேனா என்றுகூடத் தெரியாது. சாயங்காலம் தானே துணியால் துடைப்பார்.

கொஞ்ச வருஷம் கழித்து மத்தியானச் சாப்பாடு வந்தது. ஆக்கிப் போட என்னைக் கூப்பிட்டார்கள். என் சோற்றில் கல் கடித்தது என்று ஒரு பிள்ளை சொன்னதில்லை, இன்றைக்கும் விசாரித்துக்கொள்ளலாம். சமையலுக்குக் கொட்டகை போட்டுக் கொடுத்தவர் ஊர்ப் பெரியவரான அம்பலகாரர். கெட்ட மனுஷர் இல்லை. அரிசி வரத் தாமதமான நாளில் தன் குதிரிலிருந்து அளந்து கொடுத்தவர். ஆனால் அடுப்பு என்றால் அக்கினி மூலை, தென்கிழக்கு. எந்த வீட்டிலும் அப்படித்தான், பள்ளிக்கூடம் மட்டும் என்ன விலக்கா? கொட்டகை தென்கிழக்கு மூலையில் நின்றது. யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்கும்தான்.

முதல் நாள் உலை வைத்தபோது தெரிந்தது. எங்கள் ஊரில் காற்று முக்கால்வாசி நாள் தெற்கேயிருந்துதான். ஊரார் கொடுத்த விறகெல்லாம் பச்சை முந்திரிக் கட்டை. அந்தப் புகை கண்ணைப் பிடுங்கும். முழங்கால் உயர ஜன்னல், முழங்கால் உயர அடுப்பு. காற்றுக்காக வைத்த வழியில் என் புகை வரிசையாக உள்ளே போனது. உள்ளே பிள்ளைகள் இருமுவது எனக்குக் கரண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அதில் பாக்கியத்தின் இருமல் தனியாகத் தெரியும்.

நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. இந்த எழுத்து எனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டால், அந்த ஜன்னல் வழியாகத்தான். கிளறிக்கொண்டே குனிந்தால் கரும்பலகை தெரியும். மெய்யெழுத்து வரைக்கும் அப்படிப் பார்த்து, கரித்துண்டால் தரையில் போட்டுப் பழகினேன். உயிர்மெய்க்கு வரும்போதுதான் பலகை மறைந்தது. அதனால்தான் இதை எழுதி முடிக்க எனக்கு இத்தனை நாள் ஆகிறது. நான் ஏதோ மனு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு மனு எழுத இவ்வளவு நேரமா என்று பேரன் கேலி செய்கிறான்.

ஒரு நாள் பெரிய வாத்தியார் கொட்டகைக்கு வந்தார். தயங்கித் தயங்கி, அடுப்பை வடக்குப் பக்கம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். வடக்கே வைத்தால் புகை வெளியே போய்விடும். அம்பலகாரரிடம் அவரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்க முடியாது. வேதக்கார வாத்தியாருக்கு நம்ம மூலை என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், பிறகு அவர் அந்த ஊரில் பாடம் நடத்த முடியாது. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சரி என்று நானே கல்லைத் தூக்கிக்கொண்டு போய் வடக்கே அடுப்புக் கூட்டினேன். வெயில்தான், நிழல் இல்லை. ஆனால் உள்ளே இருமல் நின்றுவிட்டது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கணீரென்று வந்தது. நல்லபடியாக ஒரு வாரம் போயிருக்கும்.

அந்த வாரக் கடைசியில் அம்பலகாரர் வீட்டு வைக்கோல் படப்பு பற்றி எரிந்துபோனது. யார் போட்ட பீடியோ. ஆனால் அடுப்பு அக்கினி மூலையை விட்டு மாறியது ஊருக்கே தெரியும். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அம்பலகாரர் கருகின வாசனையோடு வந்து நின்று, "ஒன்னையச் சொல்லலத்தா. நீயும் ஒத்தப் பிள்ளைய வச்சிருக்க, பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே அடுப்பைத் திரும்ப மூலைக்குக் கொண்டுபோனேன். வாத்தியாரிடம் கேட்கக்கூட இல்லை.

புகை திரும்பவும் உள்ளே போனது. பிள்ளைகள் கண்ணைக் கசக்குவதைப் பார்த்து அம்பலகாரருக்கே மனசு கேட்கவில்லை. அடுப்பை மாற்றத்தானே கூடாது, ஜன்னலை அடைக்கலாமே என்று அவரே செங்கல்லும் கொத்தனாரும் அனுப்பினார். பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சாந்துக்குத் தண்ணீர் ஊற்றினது நான். பெரிய வாத்தியார் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஜன்னல் பாதி ஏறினபோது என் பக்கம் திரும்பி, "ஒம்மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காற்று நுழைய வழியில்லாமல் மேலே இருந்த ஓட்டைகளுக்கும் வேலை இல்லாமல் போனது. அந்தக் கோடையில் தட்டோடு வந்து நிற்கிற பிள்ளைகளின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. நான் ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் கூடுதலாகச் சோறு வைத்தேன். வேறென்ன செய்ய?

பிறகு ஒரு தரம் ஓவர்சியர் வந்தார். குடுமியான்மலைப் பக்கம் வேலையாக வந்தவர், பார்த்துவிட்டுப் போகலாம் என்று சைக்கிளைத் திருப்பியிருக்கிறார். தலை நரைத்திருந்தது. தெற்குச் சுவர் ஓரமாக நடந்து போனார், அடைத்த இடங்களில் கையை வைத்து வைத்து. நான் கொட்டகைக்குள்ளேயே இருந்தேன். வாசலில் வந்து நின்று, "யாரு அடுப்பு இது?" என்றார்.

"என் அடுப்புதாங்க."

"சாப்பாடு இருக்கா?"

வாத்தியார் எங்கே போனாரோ, காணவில்லை. இலை போட்டேன். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். குனிந்தபடி முழுக்கச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "உப்பு சரியா இருக்குத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அந்த மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அம்பலகாரர் போனார். பெரிய வாத்தியார் மாற்றலாகி, ரிட்டயராகி, அவரும் போனார். நானும் வேலையிலிருந்து நின்றேன். ரொம்பக் காலம் கழித்துப் பள்ளிக்கூடத்துச் சமையலுக்கு கேஸ் வந்தது என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேஸ் என்றால் புகை ஏது? தடியை ஊன்றிக்கொண்டு போய், அப்போது ஹெட்மாஸ்டராக இருந்த தம்பியிடம் கேட்டேன். அந்தச் செங்கல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள், கூலி நான் தருகிறேன் என்றேன். நல்ல பிள்ளை, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "அப்பத்தா, கட்டடத்தையே இடிக்கப் போறாங்க. ஆர்டர் வந்துருச்சு" என்றார்.

இடித்த அன்று போயிருந்தேன். பொக்லைன் முதலில் தெற்குச் சுவரைத்தான் தள்ளியது. புழுதி அடங்கின பிறகு, தென்காற்று தடையில்லாமல் உள்ளே வந்து, தரையோடு தரையாக ஓடி, வடக்கே மேலே ஏறிப் போனது. சுவரில் தொங்கின பழைய அட்டவணை படபடவென்று அடித்தது. சாயங்காலம் வடக்குச் சுவரும் விழுகிற வரைக்கும் அந்தக் காற்று இருந்தது. தரையில் உட்காரத்தான் ஒரு பிள்ளை இல்லை.