நடுவில் கதவு உள்ள ஹோட்டல்

பாங்கொக்கில் எந்த ஹோட்டலில் தங்குவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், நான் வாசிக்கிற ஆள் என்று குடும்பத்தில் பரவியிருக்கும் வதந்திதான். பலெர்மோவில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் நான் வாயில்காவலன். இத்தாலியனில் போர்த்தியேரே என்று சொன்னால் பாடகனின் பெயர் மாதிரி இருக்கும். வேலை என்னவோ கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துகொண்டு வருகிறவர்களுக்குக் கதவு திறப்பதும், வீட்டில் இல்லாதவர்களின் பார்சல்களை வாங்கி வைப்பதும்தான். ஆள் வராத நேரத்தில் வாசிக்கலாம். மழை நாளில் ஒரு நாவல்கூட முடியும். இப்படித்தான் நான் படித்தவன் ஆனேன்.

மெல்போர்னில் இருக்கும் சகலன், அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், தொலைபேசியில் விஷயத்தை இரண்டே வசனத்தில் முடித்தார். அங்கிருந்து அவர்கள் வரவும் இங்கிருந்து நாங்கள் போகவும் நடுவழி பாங்கொக். ஹோட்டலை அண்ணை பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரிலேயே சந்திக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். ஊரில் என்றால் நாற்பது சொந்தக்காரர் நடுவில் சந்திக்க வேண்டும். கோபித்துக்கொண்ட இரண்டு பேர் சமாதானமாக வேண்டுமென்றால் சாட்சிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கோபித்துக்கொண்டவர்கள் நாங்கள் இரண்டு சகலன்மாரும் அல்ல. அக்காவும் தங்கையும்.

போருக்குப் பிறகு வவுனியா பஸ் நிலையத்தில் பிரிந்தவர்கள். ஒருத்தி இத்தாலிக்கு வந்தாள், மற்றவள் சில வருடம் கழித்து அவுஸ்திரேலியாவுக்குப் போனாள். மெல்போர்னில் தங்கைக்குக் கலியாணம் சரிவந்தபோது என் மனைவியின் வதிவிட அனுமதி புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் இருந்தது. அது கையில் இல்லாமல் விசாவுக்குப் போட முடியாது. அந்தக் கடதாசிக்கு இங்கே பெர்மெசோ என்று பெயர். மனைவி தொலைபேசியில் கிழமைக்கு ஒருமுறை, பெர்மெசோ வரவில்லை, பெர்மெசோ இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"எப்ப பார்த்தாலும் பெர்மெசோ, பெர்மெசோ எண்டு சொல்லுறாய். அது ஆரக்கா, உன்ரை மாமியாரோ?"

என்னுடைய அம்மா அப்போது காலமாகி அதிக நாளாகவில்லை. தங்கை அதை நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஆனாலும் தொலைபேசியை வைத்துவிட்டாள். கலியாணம் நடந்தது. கோயிலில் எடுத்த படம் வந்தது. அக்கா நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பெண் பூச்செண்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள். மனைவி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சேலை நல்லாயிருக்கு என்றாள், அவ்வளவுதான். அதன் பிறகு பிறந்தநாளுக்குக் கேக் படம் போகும், கேக் படம் வரும். குரல் போகாது. முக்கியமான சங்கதி ஏதும் இருந்தால் நானும் சகலனும் இரண்டு வெளிநாட்டு அமைச்சர்கள் மாதிரிப் பேசி முடிப்போம்.

பெர்மெசோ என்ற சொல்லிடம் நானும் அடிபட்டவன். வந்த புதிதில், நாங்கள் குடியிருக்கும் சீசா பகுதியிலிருந்து நகர நடுவுக்குப் போகும் பஸ்ஸில், மூச்சு விட இடமில்லாத நெரிசலில், பின்னால் நின்ற ஒரு வயதான பெண்மணி என் தோளைத் தட்டி, "பெர்மெசோ?" என்றார். சட்டைப் பையிலிருந்து என் வதிவிட அனுமதி அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துப் பணிவாக நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பெல்லோ," அழகு என்று சொல்லிவிட்டு, என்னை இடித்துக்கொண்டு இறங்கிப் போனார். கொஞ்சம் வழி விடு என்பதற்கும் இவர்கள் பெர்மெசோ என்றுதான் சொல்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருவர் வீட்டுக்குள் கால் வைக்கும்போதும் அதே சொல். உள்ளே வரலாமா என்று அர்த்தம். என் மனைவி வேலை செய்யும் வீட்டின் சாவி அவள் கையில்தான் இருக்கிறது. வீட்டுக்கார சிஞ்ஞோரா கடற்கரை வீட்டுக்குப் போயிருக்கும் மாதங்களிலும் ஆளில்லாத வீட்டைத் திறந்து, நாற்காலிகளிடம் பெர்மெசோ கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

ஹோட்டலுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தங்குகிற இடத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே வாசித்தேன். கூண்டுக்குள் இருந்து விருந்தினர்களின் விமர்சனங்களை வாசிக்கத் தொடங்கியவன், இரண்டு கிழமைக்கு வேறு எதையும் தொடவில்லை. உலக இலக்கியத்தில் இத்தனை உண்மையான துயரத்தை நான் கண்டதில்லை. ஒருவருக்கு ஆறு மிக அருகில் இருக்கிறது. இன்னொருவருக்கு, அதே ஹோட்டலில், ஆறு மிகத் தூரத்தில் இருக்கிறது. காலைச் சாப்பாட்டில் தர்ப்பூசணி முடிந்துபோன ஒரு காலையை ஒருவர் ஏழு பந்தியில் எழுதியிருந்தார். ஐந்தாவது பந்தியை நான் இரண்டு முறை வாசித்தேன்.

சகலனுக்கு நீச்சல் குளம் வேண்டும். எனக்கு விலை குறைவாக இருக்க வேண்டும். மனைவி எதுவும் கேட்கவில்லை. குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள், நான் நாலாவது ஹோட்டலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ. ரெண்டு அறைக்கும் நடுவிலை கதவு இருக்கோணும்."

"என்ன கதவு?"

"இந்த அறையிலயிருந்து அந்த அறைக்குப் போற கதவு. வெளியாலை சுத்திப் போய்த் தட்டிறதெண்டால் நான் போகமாட்டன். அவளும் வரமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்."

அந்த நிமிடத்தில் நீச்சல் குளம், விலை, ஆறு எல்லாம் ஒதுங்கிவிட்டன. இது உல்லாசப் பயணமே இல்லை, ஒரு கதவைத் தேடுகிற பயணம் என்று எனக்கு விளங்கியது. கதவு என் தொழில். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

நிமிர்த்தியது அதிக நேரம் நிற்கவில்லை. ஆற்றங்கரைக்குக் கிட்ட, ரயில் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய ஒரு ஹோட்டலைக் கண்டுபிடித்து, 'அட்ஜாய்னிங்' அறைகள் இரண்டு என்று பதிவு செய்து, மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். ஒரு வாரம் கழித்து, வழக்கம்போல விமர்சனம் வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு தாய் அழாக்குறையாக எழுதியிருந்தது கண்ணில் பட்டது. ஹோட்டல்காரரின் பாஷையில் அட்ஜாய்னிங் என்றால் பக்கத்துப் பக்கத்து அறை. நடுவில் இருப்பது சுவர். கதவு வேண்டுமென்றால் 'கனெக்டிங்' என்று கேட்க வேண்டும். அந்தத் தாயின் பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். என் மனைவிக்கும் அவள் தங்கைக்கும் நடுவில் ஒரு புதுச் சுவரைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

மனைவிக்குச் சொல்லாமல் கூண்டுக்குள் இருந்து பாங்கொக்குக்குத் தொலைபேசி எடுத்து, கனெக்டிங் அறை கேட்டேன். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் இனிமையாக, கேட்டு வைக்கிறேன், உறுதி தர முடியாது என்றாள். நான் விஷயத்தை விளக்கினேன். இரண்டு சகோதரிகள், ஒரு கலியாணம், ஒரு கடதாசி. என் ஆங்கிலத்தில் அது ஒரு கொலை வழக்கு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். அவள் எத்தனையாவது மாடி வேண்டும் என்று கேட்டாள்.

மிச்ச நாட்களில் நகரத்தைப் படித்தேன். தொலைபேசியின் வரைபடத்தில் பாங்கொக்கின் வீதிகளில் விரலால் நடந்து பழகினேன். பலெர்மோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வான்ரயிலின் நிலையங்களைப் பாடமாக்கினேன். அதற்கு நேரம் போதாது என்ற கவலை ஒருநாளும் வந்ததில்லை. வியா மக்வேதா தெருவில் நடக்கும்போதுகூட, இந்தச் சந்தியில் திரும்பினால் படகுத்துறை என்று கால் தன்பாட்டில் திரும்பும். பாங்கொக்கில் தொலைந்துபோகாமல் இருக்கக் கற்று, பலெர்மோவில் இரண்டு முறை வழி மாறினேன்.

போய்ச் சேர்ந்தோம். தங்கை குடும்பம் முதலே வந்து வரவேற்பறையில் இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நானும் சகலனும் கைக்குட்டையோடு தயாராக நின்றோம்.

"சுகமோ?"

"ஓம். நீ?"

"ஓம். சரியான வெக்கை."

வெக்கைதான் என்று நால்வரும் ஒத்துக்கொண்டோம். தொலைபேசியில் பேசிய அந்தப் பெண்தான் சாவி தந்தாள் என்று நினைக்கிறேன். மாடி எண்ணைச் சொன்னபோது என் மனைவியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

அறைக்குள் வந்ததும் மனைவி கட்டிலையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. அலுமாரிக்குப் பக்கத்தில் கதவு இருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தாள். உள்ளே இன்னொரு கதவு. ஒரு கை அகலம் தள்ளி, வெள்ளையாக, மொழுமொழுவென்று, கைபிடியே இல்லாமல்.

"இதென்ன?" என்றாள்.

நான் தொழில் தெரிந்தவன் அல்லவா? நிதானமாக விளக்கினேன். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிக் கதவு. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தைத் திறந்தால்தான் வழி. அந்தக் கதவு அந்தப் பக்கத்தில் இருந்துதான் திறக்கும். அவள் அந்த வெள்ளைப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அவள் திறக்கேல்லை," என்று சொல்லிவிட்டு எங்கள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை. அதை நான் கவனித்தேன்.

அடுத்த நாள் காலை ஊர் சுற்றினோம். நான் பாடமாக்கிய நகரம் இருந்த இடத்திலேயே இருந்தது, எனக்கே ஆச்சரியம். வான்ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது, பலெர்மோவாசியான எனக்கு அது கொஞ்சம் அநாகரிகமாகப் பட்டது. ஆற்றுப் படகில் கொடியின் நிறத்தைப் பார்த்து ஏற வேண்டும், பார்த்து ஏறினோம். இறங்கிய இடத்தில் ஓட்டோக்காரன் சொன்ன விலையைக் கேட்டு மனைவி, பலெர்மோவின் பல்லரோ சந்தையில் மீன்காரனோடு வாதாடும் அதே சிசிலியனில், அதே கையசைப்பில் ஆரம்பித்தாள். அவன் தாய்லாந்து பாஷையில் பதில் சொன்னான். இருவரும் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டு பாதி விலையில் முடித்தார்கள். சகலனின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

ஆனால் அக்கா தங்கைக்கு நடுவில் கதை எல்லாம் எங்கள் வழியாகத்தான். "அத்தான், அக்காவுக்குத் தண்ணி வேணுமோ எண்டு கேளுங்கோ." நான் கேட்பேன். "வேண்டாமாம் எண்டு சொல்லுங்கோ." சொல்வேன். அவர்கள் இருவரும் ஒரே இருக்கையில், நான் முன்னால். கழுத்து வலித்தது.

பின்னேரம் மழை கொட்டியது. எல்லோரும் அறைக்குத் திரும்பினோம். மழையில் நனைவதற்கும் குளத்தில் நனைவதற்கும் வித்தியாசமில்லை என்று சகலன் குளத்துக்குப் போய்விட்டார். நான் கட்டிலில் கிடந்து, இந்தப் பயணம் இப்படியே முடிந்து கேக் படங்களுக்கே திரும்பப் போகிறோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி எழுந்து போய் எங்கள் கதவைத் திறந்தாள். சேலை இல்லை, வீட்டுச் சட்டைதான். ஆனாலும் தலைமயிரை ஒதுக்கி, சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். வேலைக்குப் போகிற வீட்டு வாசலில் நிற்கிற அதே நிற்பு. விரல் முட்டியால் அந்த வெள்ளைக் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள். வாய் தன் பழக்கத்தில் சொன்னது.

"பெர்மெசோ?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கட்டிலில் எழுந்து இருந்துவிட்டேன். தங்கைக்குத் தெரிந்த இத்தாலியன் உலகத்தில் அந்த ஒரு சொல்தான்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது.

"கிடைச்சிட்டுதோ அக்கா?" என்று குரல் வந்தது.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி?"

"பெர்மெசோ. கிடைச்சிட்டுதோ எண்டு கேட்டனான்."

"ஓம்," என்றாள் மனைவி. குரல் வேறு மாதிரி வந்தது. "இப்பதான் கிடைச்சது. கதவைத் திற."

"கதவு திறந்துதான் கிடக்கு. நேற்றுப் பின்னேரமே தாழ்ப்பாளை எடுத்து விட்டிட்டன். தள்ளன்."

மனைவி தள்ளினாள். கதவு போய்ச் சுவரில் இடித்து நின்றது. அவ்வளவு இலேசான கதவு. வாழ்நாளில் பாதியைக் கதவுகளோடு கழித்த மனிதன், தள்ளிப் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பெண்களும் ஒரு பகலும் ஒரு இரவும் ஒரு தள்ளல் தூரத்தில் இருந்திருக்கிறார்கள், என் தொழில்நுட்ப விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு.

மற்றதை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன். சகலன் துவாயைச் சுற்றிக்கொண்டு ஈரம் சொட்டச் சொட்ட வந்தார். அறைக்குள் போகப் பார்த்தவரைத் தடுத்து, இப்போது போகாதீர்கள், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். இரண்டு அறைச் சாவியும் எங்கள் கையில் இருந்தன. இரண்டு பேரும் மழை விடும்வரை வராந்தாவிலேயே நின்றோம். குளிரில் அவருக்குப் பல் அடித்தது. ஒரு தடவை உள்ளேயிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

மிச்ச நாட்கள் நான் மொழிபெயர்ப்பாளர் வேலையை இழந்தேன். படகில் எனக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். யாரும் யாருக்கும் தண்ணீர் வேண்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை. சீசாவுக்குத் திரும்பி வந்த பிறகு காலையில் குசினியில் தங்கையின் குரல் கேட்கிறது. குரல்தான், கேக் இல்லை. அடுத்த கோடையில் பலெர்மோவுக்கு வருகிறாளாம். ஹோட்டல் பார்க்கட்டுமா என்று கேட்டேன். மனைவி பார்த்த பார்வையில் மேற்கொண்டு கேட்கவில்லை.

நன்றிக்கடனாக ஒரு விமர்சனம் எழுத வேண்டும் என்று தோன்றியது. கூண்டுக்குள் இருந்து ஒரு முழுப் பொழுதும் எழுதி, எழுதி அழித்தேன். தர்ப்பூசணிக்காரரின் ஆழம் எனக்கு வரவில்லை. கடைசியில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து ஒரு வரி போட்டேன்: "அறைகளுக்கு நடுவில் கதவு உண்டு. பூட்டியிருப்பதாகத் தெரியும். தள்ளிப் பாருங்கள்."