குளோரின் அறையில் ஆயுதபூஜை

அணுமின் நிலையத்தில் வேலை என்று சொன்னால் போதும், தூத்துக்குடியில் என் சொந்தக்காரர்கள் பக்கத்தில் உட்காரவே யோசிப்பார்கள். கதிர்வீச்சு ஒட்டிக்கொள்ளுமாம். உலைப்பக்கம் நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. என் வேலை கடலோரப் பம்பு வீட்டில். உலைக்குப் போகும் கடல்நீர்க் குழாய்களில் பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்கக் குளோரின் கலப்போம். ஆளைக் கொல்ல அந்த வாயு போதும்.

குளோரின் அறைச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதன் முகப்பில் சல்லடை. வாயு கசிந்தால் சல்லடை வழியாக மோந்து மணியடிக்கும். கசிவு இல்லையென்றால் கதவுக்கு வெளியே பச்சை விளக்கு எரியும். பச்சையைப் பார்த்த பிறகுதான் யாரும் உள்ளே போவோம்.

ஆயுதபூஜையன்று பம்பு, மோட்டார், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. பெட்டி மட்டும் வெறும் நெற்றியோடு இருப்பதாக எனக்குப் பட்டது. சல்லடை மேல் அப்பினேன். "நல்லா வைங்க சார், அதுதான நம்ம உசுரக் காக்குது" என்று ஒரு ஃபிட்டர் சொன்னதும் இன்னும் கொஞ்சம் அள்ளி அப்பினேன். படித்த மடையன் நான். மாதாமாதம் அந்தச் சல்லடையைத் துடைத்துச் சோதிக்கிறவனும் நான்தான்.

நாலாம் நாள் காலையில் ஒரு சிலிண்டர் வால்வு கசிந்திருக்கிறது. காய்ந்த சந்தனத்துக்குப் பின்னால் பெட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. பச்சை எரிந்தது. கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி, கொற்கைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அந்தப் பச்சையை நம்பிக் கதவைத் திறந்தார். இரண்டு மூச்சு இழுத்திருப்பார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

அதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. வடக்கேயிருந்து வந்த அதிகாரி, பெட்டியில் சந்தனம் வைத்தது யார் என்று கேட்டார். எனக்கு வேலை நிரந்தரமாக இரண்டு மாதம்தான் பாக்கி. அந்தத் தொழிலாளிதான் என்றேன்.

நம் பக்கத்து ஆளாக இருந்தால் அதிகாரி என்னை அங்கேயே பிடித்திருப்பார். அந்தத் தொழிலாளிக்கு அப்போதுதான் அப்பா செத்திருந்தார், பதினாறு கழியவில்லை. கூலி போய்விடுமே என்று மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தவர், பூஜையன்று வாசற்படியைக்கூட மிதிக்காமல் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றார். பொரி கொடுத்தபோதும் தீட்டு என்று வாங்க மறுத்தார். ஷிஃப்டில் ஆறு பேருக்கும் இது தெரியும். ஆறு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் காப்பாற்றிய அந்த ஆறு பேரையும் இன்றுவரை எனக்குப் பிடிக்காது.

அவருடைய கேட் பாஸ் ரத்தானது. நான் நிரந்தரமானேன்.

ஒரு வருடம் ஆகப்போகிற சமயம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூத்துக்குடியில் என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு சரியாகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

"வேலை கேட்டு வரல சார். வார வெள்ளிக்கிழம அப்பாக்கு வருசத் திதி. தீட்டோட சாமி சந்தனத்தத் தொட்டவன், அதான் சாமி கேட்டுட்டுன்னு ஊரே பேசுது. திதி கொடுக்க என்னைய விட மாட்டேங்கான் தம்பி. மூத்தவன் நான் சார். ஒரு தடவ வந்து, உம்மவன் தொடலன்னு எங்கம்மைகிட்ட சொல்லிருங்க. போதும்."

"ரிப்போர்ட் மேல போயிட்டு அண்ணாச்சி."

"ரிப்போர்ட்ட மாத்தவா சொல்லுதேன்? அம்மைகிட்டதான்."

போயிருக்கலாம். அரை நாள் வேலை. ஆனால் அந்த அம்மாவிடம் சொன்னது நாளைக்கு ஊருக்குத் தெரியும், ஊரிலிருந்து கம்பெனிக்குத் தெரியும். எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது.

"யாரு கண்டா? ஞாபகமில்லாம நீங்களே தொட்டிருப்பீக. பதினோரு நாள் மயக்கத்துல கெடந்த ஆளு."

அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வலது கையை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்படியும் இருக்குமோ சார்?"

"இருக்கும்" என்றேன்.