பாரிஸ் ஆட்டத்துக்கு முருங்கனிலிருந்து வர்ணனை

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, அரச உத்தியோகத்திலிருந்து விருப்ப ஓய்வு கேட்டு மன்னாரிலுள்ள கந்தோரில் கடிதம் கொடுத்தேன். மீதிக் காலத்தை முழுநேர உதைபந்தாட்ட வர்ணனையாளராகக் கழிப்பது என்று திட்டம். வயது ஐம்பத்தைந்து. இந்த வயதில் உதைபந்தாட்டத்தால் பிழைக்கப் போகிறேன் என்பவனை ஊரார் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். என் மனைவி கிட்ட நின்றே பார்த்தாள்.

நான் பந்து விளையாடியவன் அல்லன். முருங்கனில் வயல்காரக் குடும்பம்; பந்து கரையோர ஊர்க்காரர்களின் சொத்து. பள்ளிக்கூடத்தில் என்னை மைதானத்துக்குள் இறங்கவிடாமல் தடுக்க ஒரு நாகரிகமான வழியாக ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். அதை நான் திருப்பிக் கொடுக்கவேயில்லை. பிறகு மாவட்டத்தில் எங்கே சுற்றுப்போட்டி நடந்தாலும் கூப்பிட்டார்கள். ஊதியம், ஒரு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல். இறுதி ஆட்டம் என்றால் ஒரு பொன்னாடை. வீட்டில் அலுமாரி நிறையப் பொன்னாடை இருக்கிறது. மனைவி அவற்றில் இரண்டைத் தையல் மெசினுக்கும் ஒன்றைத் தண்ணீர் மோட்டாருக்கும் போர்த்தியிருக்கிறாள். வழியை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தைச் சொல்வது, நன்கொடை தந்தவர்களின் பட்டியலை வாசிப்பது, காணாமற்போன பிள்ளையின் சட்டை நிறத்தை அறிவிப்பது எல்லாம் வர்ணனையாளர் வேலைதான். இடையில் நேரம் கிடைத்தால் ஆட்டத்தைப் பற்றியும் சொல்லலாம்.

இப்படி இருக்கையில் பாரிஸிலிருந்து ஒருவர் அழைத்தார். நம் மாவட்டத்துப் பெடியன்கள் அங்கே நடத்தும் சுற்றுப்போட்டியின் ஒழுங்கமைப்பாளர். ஆட்டத்தை முகநூலில் நேரடியாகக் காட்டுகிறார்கள். வர்ணனைக்கு ஆள் வேண்டும்.

"அண்ணை, நீங்கள் இஞ்ச வரத் தேவையில்லை. வீட்டில இருந்தே பாத்துச் சொல்லுங்கோ. ஒரு ஆட்டத்துக்கு அம்பது யூரோ. இஞ்ச ஒருத்தன் முந்நூறு கேக்கிறான், அதுவும் பாதி பிரெஞ்சில சொல்லுறான். எங்களுக்கு ஊர்க் குரல்தான் வேணும்."

ஊர்க் குரல் என்றால் மலிவான குரல் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் கணக்குத்தான் போட்டேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தால் என் மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. அதுவும் கதிரையில் இருந்தபடி, நன்கொடைப் பட்டியல் வாசிக்காமல்.

மூன்று ஞாயிறு நன்றாகப் போனது. பாரிஸில் பகல், எனக்குப் பின்னேரம். படம் இணையத்தில் வரும். எங்கள் பக்கத்து இணையத்தை நம்பாமல் என் குரலை மட்டும் சாதாரணத் தொலைபேசி அழைப்பில் எடுத்தார்கள். மூன்றாவது ஞாயிறு முடிந்ததும் எனக்குள் இருந்த வர்ணனையாளன், கந்தோரில் உர மானியக் கோப்புப் பார்க்கும் என்னைக் கேவலமாகப் பார்க்கத் தொடங்கினான்.

கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. நானும் நாலு புத்தகம் படித்தவன். மற்ற இடங்களில் இந்தத் தொழில் எப்படி என்று விசாரித்தேன். முதலில் ரொறன்ரோவில் வர்ணனை செய்யும் பள்ளிக்கூடச் சிநேகிதன்.

"மச்சான், எனக்குத் தாறது ஒரு ரீ சேர்ட்டும் கோப்பியும். மைக் என்ர காசில வாங்கினது."

"ரீவியில வாறவங்களுக்கு அள்ளிக் குடுக்கினமாமே?"

"அவங்கள் முந்திப் பெரிய ஆட்டக்காரங்கள். நீ எப்ப விளையாடினனீ?"

"அப்ப நீ ஏன்டா செய்யிறாய்?"

"கிழமை முழுக்க டெலிவரி வான் ஓடுறன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் நான் கதைக்க ஆக்கள் கேக்கினம்."

அடுத்தது சென்னை. அகதியாக மண்டபம் முகாமில் இருந்த காலத்தில் பழக்கமான ஒருவர் அங்கே கிரிக்கெட் வர்ணனை செய்கிறார்.

"சீசன்ல நாள் கணக்குல காசு சார், நல்ல காசு. சீசன் முடிஞ்சா கல்யாண ரிசப்ஷன்ல மைக் பிடிக்கிறேன். புட்பாலா? அதைவிட கல்யாணத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி சார்."

கொழும்பு வானொலியில் பகுதிநேரமாக விளையாட்டுச் செய்தி வாசித்தவர் சுருக்கமாகச் சொன்னார்: "தாற காசு போற பஸ்ஸுக்குக் காணும். வாற பஸ்ஸுக்கு வீட்டில வாங்கோணும்."

புத்தியுள்ளவன் இதைக் கேட்டு அடங்கியிருப்பான். எனக்கு வேறு விதமாகப் பட்டது. எல்லோரும் இன்னொரு வேலை பார்த்துக்கொண்டு இதைச் செய்வதால்தான் ஒருவரும் உருப்படவில்லை. முழுநேரமாக இறங்கியவன் ஒருவனும் இல்லை. ஆகவே அந்த இடம் காலியாக இருக்கிறது. இதை மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலியாக் கிடக்கிற இடம் நல்ல இடமெண்டால் மற்றவை ஏனப்பா இன்னும் போய் இருக்கேல்லை?"

"ஆராவது முதல் ஆளாய் இருக்கத்தானே வேணும்."

"ஓம். அது ஏன் எங்கட வீட்டு ஆளாய் இருக்கோணும்?"

மகளின் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஓய்வூதியம் சம்பளத்தைவிடக் குறைவு. அந்த இடைவெளியை யூரோ நிரப்பும் என்றேன். நிரப்பாவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. சுளகை மட்டும் கொஞ்சம் பலமாகத் தட்டினாள். வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. மஞ்சள் சட்டைக்கும் நீலச் சட்டைக்கும் ஆட்டம். நீல அணியின் கோல் காப்பாளர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கையில் படம் அப்படியே உறைந்து நின்றது. இரண்டு விநாடியில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. வர்ணனையாளன் பேசாமல் இருப்பது பெரும் பாவம். ஆகவே பந்தை நானே உதைத்தேன். அது நடுக்கோட்டைத் தாண்டியது. மஞ்சள் பறித்தது, இடது பக்கமாக ஏறியது, உதைத்தது. காப்பாளர் பாய்ந்து தடுத்தார். மூலையுதை. மறுபடியும் தடுத்தார். மூன்றாவது முறை விரல் நுனியால் தட்டிவிட்டார். கோல் மட்டும் போடவில்லை; அந்த அளவுக்கு என்னிடம் நேர்மை மிச்சமிருந்தது. இரண்டு நிமிடம் கழித்துப் படம் திரும்பியபோது இரண்டு அணியும் புல்லில் குந்தியிருந்து தோடம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. படம் உறைந்த கையோடு நடுவர் இடைவேளைக்கு ஊதியிருக்கிறார். உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் படம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. குரல் மட்டும் வேறு ஆட்டத்தில் இருந்திருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் ஒழுங்கமைப்பாளர் அழைத்தார். வேலை போயிற்று என்றுதான் எடுத்தேன்.

"அண்ணை, சனம் விழுந்து விழுந்து சிரிக்குது! இவ்வளவு கொமென்ற் எங்களுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அடுத்த வருசமும் நீங்கள்தான்."

"அடுத்த வருசமோ? அதுவரைக்கும்?"

"இன்னும் ஒரு ஆட்டம்தானே, இறுதி. அதோட சரி. பிறகு குளிர், மைதானம் தரமாட்டாங்கள்."

உத்தியோகத்தை விட்டதைச் சொன்னேன்.

"விசர் வேலை பாக்காதேங்கோ அண்ணை. உங்களுக்கு அரசாங்க வேலை இருக்கு, சம்பளம் கூட்டிக் கேக்க மாட்டீங்கள் எண்டுதானே கொமிற்றி உங்களை எடுத்தது."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மன்னாருக்குப் போனேன். பஸ் பாலத்தில் ஏறும்போது, கொடுத்த கடிதத்தைத் திரும்பக் கேட்பதற்கு மூன்று வசனம் தயாரித்தேன். மூன்றும் வர்ணனை மாதிரியே இருந்தன.

எங்கள் பொறுப்பதிகாரி என்னிலும் பதினைந்து வயது இளைய பெண். இலுப்பைக்கடவைக்காரி. நான் கதிரையில் அமரும் முன்னமே மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்து வைத்தார்.

"இன்னும் மேலிடத்துக்கு அனுப்பேல்லை, அண்ணை."

"ஏன் மேடம்?"

"நேற்று ஆட்டம் பாத்தனான். அந்த நீலச் சட்டைக் காப்பாளன் என்ர தம்பி. அம்மாவும் முன்னுக்கு இருந்தவ. அவன் தோடம்பழம் உரிக்கிறதைப் படத்தில காட்டுது, நீங்கள் பாய்ஞ்சு பிடிச்சிட்டான் எண்டு சொல்லுறீங்கள். அம்மாக்குக் கண் தெரியாது, உங்கட குரலைக் கேட்டுக் கை தட்டுறா. நாங்கள் ஒருத்தரும் திருத்தேல்லை."

என்மேல் இரக்கப்பட்டுக் காப்பாற்றியிருக்கிறீர்கள், நன்றி என்பதுபோல ஏதோ தொடங்கினேன்.

"இரக்கமோ? நீங்கள் போனால் உங்கட இடத்துக்கு ஆள் தரமாட்டாங்கள் அண்ணை. போன வருசம் போன ரெண்டு பேற்ற வேலையையும் நான்தான் செய்யிறன். இறுதி ஆட்டம் வாற ஞாயிறோ? அம்மா கேக்கச் சொன்னவ."

ஓம் என்றேன். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உர மானியக் கோப்பு மூன்று நாளாகத் திறக்காமல் கிடந்தது.