தட்டுக்குள் இருக்கும் பிறந்த நாள்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில், அக்காவின் படத்துக்குக் கீழே, மறைவு என்ற இடத்தில் தேதி இருக்கிறது. தோற்றம் என்ற இடம் காலியாக இருக்கிறது. கையில் வாங்கியதும் பல பேர் அதைத்தான் கவனித்திருப்பீர்கள். அது அச்சகத்தாரின் பிழை இல்லை. அவர் இரண்டு தடவை கேட்டார். "அண்ணாச்சி, தோற்றம் என்ன போட? சும்மா விட்டா நான் மறந்துட்டேன்னுல்லா சனங்க சொல்லும்" என்றார். அவர் பேரில் குறை வரக் கூடாது. அதனால் அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்பதை எழுதிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். தென்காசியில் கோயில் வாசலில் தேங்காய் பழக்கடை வைத்திருக்கிறேன். எழுத்தில் குறை இருந்தால் உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது வீரகேரளம்புதூரில். அப்பா அங்கே நெல் அரவை மில்லில் மூட்டை தைக்கிற வேலை பார்த்தார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அக்கா பிறந்து ஆறு வருஷம் கழித்து நான். எனக்கு நாலு வயதாகும்போது அம்மா தவறிப்போனார். அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தார். அதைப் பெரிதாகச் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. "எனக்குப் படிப்பு வரல, நின்னுட்டேன்" என்றுதான் கடைசி வரை சொன்னார். வகுப்பில் முதலாவதாக வந்தவர் என்று அப்பா சொல்லி எனக்குத் தெரியும்.

அப்பா தினமும் விடியற்காலையில் குளித்துத் திருநீறு பூசி, ஒரு பாராயணப் புத்தகத்தை வைத்து வாசிப்பார். அந்தப் புத்தகத்தின் கடைசியில் இரண்டு வெறுந்தாள் உண்டு. ஒன்றில் அக்கா பிறந்த நாள், நேரம், நட்சத்திரம். இன்னொன்றில் என்னுடையது. நீல மையில் எழுதியது. எங்களுக்கு ஜாதகம் என்று இருந்தது அவ்வளவுதான். அதையும் யாரும் எடுத்துப் பார்த்தது கிடையாது. அப்பா கோயிலில் அர்ச்சனை கொடுத்தால் எங்கள் பெயரையோ நட்சத்திரத்தையோ சொல்ல மாட்டார். "சாமி பேருக்குப் பண்ணுங்க" என்பார். நமக்கு என்ன வேண்டும் என்று சுவாமிக்குத் தெரியும், நம் பேரைச் சொல்லி ஏன் நெருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அக்காவும் நானும் அதே வழக்கத்தில் வந்துவிட்டோம். எங்கள் இருவர் கல்யாணமும் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்து முடிவானதுதான். ஆகையால் எங்கள் நட்சத்திரம் எங்களுக்கே தெரியாது. என் கடையில் தேங்காய் வாங்குகிறவர்கள் வீட்டில் உள்ள அத்தனை பேர் நட்சத்திரத்தையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போவார்கள். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அக்காவின் ஆதார் அட்டையில் ஒரு தேதி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தானாகப் போட்டுக்கொண்டது. "அது வாத்தியாருக்குத் தோணுன நாளு. நான் பொறந்த நாளு இல்ல" என்று அக்கா சிரிப்பார். அதை இந்த மலரில் போட எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணம் ஆகி அக்கா குற்றாலத்துக்குப் போனார். அத்தானுக்கு அங்கே எண்ணெய் தேய்த்துவிடும் தொழில். அக்கா ஒரு லாட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனார். சீசன் முடிந்தால் இருவருக்குமே வேலை குறைந்துவிடும். லாட்ஜில் தங்குகிறவர்கள் வாரப் பத்திரிகை, பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கதைப் புத்தகம் எல்லாவற்றையும் கட்டிலடியில் போட்டுவிட்டுப் போவார்கள். அக்கா அவற்றை எடுத்து அடுக்கி வைத்தார். அத்தானின் எண்ணெய்க் குப்பிகள் சாயாமல் நிற்க ஒரு தாங்கி வேண்டியிருந்தது. அக்கா ஒவ்வொரு தாளாகச் சைக்கிள் கம்பியில் சுற்றிக் குழல் குழலாக உருட்டி, கம்பியை உருவிவிட்டு, குழல்களைச் சேர்த்து ஒட்டி ஒரு தாங்கி செய்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய் அது பல வருஷம் இருந்தது.

பிறகு தட்டு, பூக்கூடை, பேனாக் கூடு, சுவரில் மாட்டும் மயில் என்று செய்ய ஆரம்பித்தார். மயில் தோகைக்குப் பட்டுப் புடவை விளம்பரத் தாள்களைத் தனியாக எடுத்து வைப்பார். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பசை. சாரல் காலத்தில் குற்றாலத்தில் கட்டின துணியே காயாது. அந்த மாதங்களில் ஒட்டியதை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிட்டு, வெயில் வந்த பிறகுதான் வார்னிஷ் அடிப்பார்.

அக்கா எந்தப் புத்தகத்தையும் எடுத்தவுடன் கிழிக்க மாட்டார். முதலில் தாள் தாளாகப் புரட்டுவார். சுவாமி படமோ சுவாமி பாட்டோ இருந்தால் அந்தத் தாள் ஒரு பெட்டிக்குப் போகும். ஆடி மாதம் பெட்டியைச் சிற்றாற்றுக்குக் கொண்டுபோய், தண்ணீரில் விட்டுக் கும்பிட்டுவிட்டு வருவார். அக்கா செய்த சாமான்களைத் தென்காசியில் தன் பேன்சிக் கடையில் வைத்து விற்றுக் கொடுத்தவர் மும்தாஜ். அவர் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். மும்தாஜும் பழைய பத்திரிகைகளைக் கட்டி அனுப்புவார். ஒரு நாள் தயங்கித் தயங்கி, "யக்கா, அரபி எழுத்து இருக்குத தாளு ஏதாச்சும் வந்துச்சுன்னா…" என்று இழுத்தார்.

"அதுக்கும் ஒரு பெட்டி வச்சிருக்கேன்டி. மாதா படத்துக்கு ஒண்ணு இருக்கு. சாமியெல்லாம் சண்டையில்லாமதான் இருக்கு, எனக்குத்தான் காலு நீட்ட எடமில்ல" என்றார் அக்கா. அந்தப் பெட்டி நிறைந்ததும் மும்தாஜ் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அப்பா காலமான பிறகு பாராயணப் புத்தகம் என்னிடம் வந்தது. அட்டை போய், தையல் விட்டு, தாள்கள் சுருண்டு கிடந்தன. நிமிரட்டும் என்று ஒரு வாரப் பத்திரிகைக் கட்டுக்கு நடுவில் அதை வைத்துக் கயிறு போட்டு, மேலே ஒரு கல்லை ஏற்றினேன். வைத்ததை மறந்துபோனேன். வெள்ளை அடிக்க வீட்டை ஒழித்தபோது, அந்தக் கட்டையும் மற்ற கட்டுகளோடு கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த வருஷம் எனக்கு அறுபது நிறைந்தது. பிள்ளைகள் அறுபதாம் கல்யாணம் செய்துவைக்க ஆசைப்பட்டார்கள். அது பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் செய்ய வேண்டியது. சுவாமி பேருக்குச் செய்து முடிக்கிற காரியம் இல்லை. புத்தகத்தைத் தேடினோம். அப்போதுதான் அந்தக் கட்டு எனக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குற்றாலம் போனேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா உருட்டிக்கொண்டிருந்தார். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொழிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் பரணைப் பார்த்தேன். குழல்களை வரிசையாக ஒட்டி விளிம்பு கட்டிய ஒரு தட்டு காய்ந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு குழல் மட்டும் அச்செழுத்து இல்லாமல் வெளுப்பாக இருந்தன. வெளுப்பில் நீல மை. தட்டை இறக்கினேன்.

"யக்கா, இது அப்பா எழுத்துல்லா?"

"எதுலே?" என்று அக்கா தட்டை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். ஜன்னல் பக்கம் திருப்பினார். மறுபடியும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "நீ கொண்டாந்த கட்டுல பாட்டுத் தாளு நெறைய இருந்துச்சு. அதையெல்லாம் எடுத்துட்டேன். போன வாரந்தான் ஆத்துல விட்டேன். கடைசியில ரெண்டு தாளு யாரோ கிறுக்கிப் போட்டதுன்னு…"

"அவளுக்குக் கண்ணு தெரியலன்னு ஆறு மாசமாச் சொல்லுதேன், மாப்ளே" என்றார் அத்தான். "சாம்பார்ல உப்பு போட்டாளா சீனி போட்டாளான்னு எனக்குல்லா தெரியும்."

சுவாமி பாட்டு இருந்த தாள்கள் அக்காவின் விரல் பட்டும் தப்பித்து ஆற்றுக்குப் போயிருந்தன. எங்கள் இரண்டு பேர் பிறப்பும் தட்டில் இருந்தது. ஒரு குழலின் மேல் மடிப்பில் மகன் என்ற சொல் தெரிந்தது. இன்னொன்றில் மகள் என்று தெரிந்தது. மற்ற எழுத்தெல்லாம் உள்ளே சுருண்டிருந்தது. தட்டு கனம் தாங்க வேண்டும் என்று தாள் முழுவதும் பசை தடவித்தான் அக்கா உருட்டுவார். உலர்ந்தபடி பிரித்தால் கிழியும். தண்ணீர் பட்டால் பசை இளகும், மையும் கரையும்.

அக்கா இட்லிக் கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். மகன் என்று தெரிந்த குழலை மட்டும் கத்தியால் நெம்பி எடுத்து, ஆவியில் காட்டிக் காட்டி, நகத்தால் ஒரு நூல் ஒரு நூலாகப் பிரித்தார். பார்வை இல்லாத குறைக்கு விரலை வைத்தே பார்த்தார் என்று சொல்ல வேண்டும். அத்தான் அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. மாதம் வந்தது, புரட்டாசி. நட்சத்திரம் வந்தது, உத்திராடம். நேரம் எழுதியிருந்த வரி ஆவியில் கரைந்து அக்காவின் விரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது.

அக்கா விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதி போச்சேலே" என்றார்.

"எனக்கு இது போதும்க்கா. ஒன்னோடதயும் எடுத்திரு."

"வேண்டாம். அப்பா எழுத்து அங்கனயாவது முழுசா இருக்கட்டும்."

"ஒனக்கு ஒன் நட்சத்திரம் தெரிய வேண்டாமா?"

"இத்தன வயசுக்குப் பெறகு நான் பொறந்துட்டேன்னு யாருகிட்டப் போயிச் சொல்லப் போறேன்? சாமிக்குத் தெரியும்லா" என்றார். கொப்பரையை இறக்கி வைத்துவிட்டு எனக்குச் சோறு போட்டார்.

என் அறுபதாம் கல்யாணம் உத்திராடத்தில் நடந்தது. வந்திருந்தவர்களில் பல பேர் இதை வாசிக்கிறீர்கள். அது எப்படி நடந்தது என்பது உங்களுக்கு இதுவரை தெரியாது. அந்தக் காரியம் முடிந்ததும் அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தோம். கண்கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும், தட்டில் என் குழலை எடுத்த இடம் பொக்கையாக இருந்ததை அடைத்தார். அதற்கு உருட்டியது என் கல்யாண அழைப்பிதழ். மேலே இருந்த பிள்ளையாரை முதலில் கத்தரித்துப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உருட்டினார்.

அதன் பிறகும் சில வருஷம் அக்கா நல்லபடியாக இருந்தார். மகளைச் சிவகிரியில் கொடுத்திருக்கிறது. மருமகன் போலீஸில் இருக்கிறார். பேத்தியின் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு பெரிய மயில் செய்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். போன ஐப்பசியில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் பழைய செய்தித்தாளைக் கேட்டு வாங்கிப் புரட்டி, கோயில் கொடைத் திருவிழாப் படம் இருந்த ஒரு தாளைத் தலையணைக்கு அடியில் வைத்தார். மீதியை உருட்டக் கையில் பலம் இல்லை. மடித்து வைத்தார். பத்தாம் நாள் காலையில் இறைவனடி சேர்ந்தார்.

இந்த மலருக்காகப் போன மாதம் குற்றாலம் போனேன். அக்கா மகளும் வந்திருந்தாள். "மாமா, அம்மைக்கு ஒரு தேதி இல்லாம எப்படிப் போட? அந்தக் கொழலப் பிரிச்சிருவோம். அம்ம ஒங்களுக்குச் செஞ்சால்லா, நாம அவளுக்குச் செய்யக் கூடாதா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஒரு தடவையாவது அக்கா நட்சத்திரத்தைச் சொல்லி அர்ச்சனை செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவள் கொப்பரையில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் தட்டை எடுக்கப் போனேன்.

தட்டு அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் அவருடைய மாத்திரை அட்டைகளும் கண்ணாடியும் இருந்தன. நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தேன். அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலையிலக்கி வலது பக்கம், ராத்திரிக்கி இடது பக்கம். அவ வச்ச ஒழுங்கு" என்றார். "தட்டு இல்லன்னா எனக்கு எது எதுன்னு தெரியாது, மாப்ளே."

மகள் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மாத்திரைகளை வலது பக்கமும் இடது பக்கமும் திரும்ப எடுத்து வைத்தாள். "தேதி வேண்டாம் மாமா" என்றாள். தோற்றம் என்ற இடம் காலியானது அப்படித்தான். அக்கா பிறந்த நாள் தொலைந்துபோகவில்லை. அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்தில், அப்பாவின் கையெழுத்தில், முழுசாக இருக்கிறது.

அக்காவின் கடைசி நாட்களில் இரவும் பகலும் உடனிருந்த மருமகனுக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மூன்றாம் நாள் முதல் காரியம் முடியும் வரை சோறு பொங்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், பந்தலுக்குக் கட்டில், நாற்காலிகள் தந்த லாட்ஜ் அண்ணாச்சிக்கும், அக்கா விட்டுப்போன பெட்டிகளை முறைப்படி காலி செய்து தந்த மும்தாஜுக்கும், அத்தானோடு தொழில் செய்கிறவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கத்தைத் தெரிவிக்கிறேன். எல்லோருக்கும் சுவாமி நல்ல சுகத்தைக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்த மலரையும் ஒரு நாள் பழைய தாளாகப் போடத்தான் செய்வீர்கள். அதில் வருத்தம் இல்லை. முதல் அட்டையில் சுவாமி படம் இருக்கிறது. அதை மட்டும் எடுத்து ஆற்றில் விட்டுவிடுங்கள். மற்றத் தாள்களை உருட்டத் தெரிந்தவர்கள் உருட்டிக்கொள்ளலாம். அக்கா படம் உள்ள தாளைத் தனியாக எடுத்து வைக்க வேண்டாம். அக்கா இருந்தால் அதையும் சேர்த்துத்தான் உருட்டியிருப்பார்.