பேச்சுக்குக் கொடுத்த கூலி

பத்து வயதில் எனக்குப் பேச்சு நின்றுபோனது.

அது ஆடி மாதம். காவிரியில் புதுவெள்ளம் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போன எங்கள் ஊர்க்காரர்களோடு நானும் போயிருந்தேன். என்னோடு பள்ளிக்கூடம் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்திருந்தாள். திரும்பி வரும்போது நடு ஆற்றில் பரிசல் சாய்ந்தது. எல்லாரையும் இழுத்துக் கரை சேர்த்தார்கள், அவளை மட்டும் முடியவில்லை. மறுநாள் வெகுதூரம் தள்ளி அவள் கிடைத்தாள் என்று கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் கைகால் உதறும். தூக்கத்தில் பாயை நனைத்துவிடுவேன். பள்ளிக்கூடம் நின்றது. ஆற்றில் போனவள் என்னைப் பிடித்துக்கொண்டாள் என்று உறவுக்காரர்கள் முடிவு கட்டி, பேயோட்டும் பூசாரி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் சாட்டையை எடுத்ததும் அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பயந்து கெடக்குற புள்ளைய அடிச்சா பயம் போயிருமுங்களா? சாட்டையச் சுருட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போங்க."

"குறுக்க நின்னா அது உன்னையும் புடிச்சுக்கும் அம்மிணி," என்றார் பூசாரி.

"புடிக்கட்டுமுங்க. என்ற மவளப் புடிச்சது என்னையும் புடிக்கட்டும்."

பூசாரி போய்விட்டார். அம்மா என்னை நாமக்கல்லுக்குக் கூட்டிப் போனாள். அங்கிருந்த டாக்டர் என் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். "தொண்டையில ஒரு குறையுமில்லம்மா. இது மனசு சம்பந்தப்பட்டது. சேலத்துல ஒருத்தர் இருக்கார். மதராஸ்ல மனநோய் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவர். அவர்கிட்ட காட்டுங்க," என்றார்.

சேலத்துக்கு முதல் முறை அப்பாவும் வந்தார். அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. பின்னால் கரி எரியும் ஒரு கொப்பரையைக் கட்டிக்கொண்டு, மேடு வந்தால் மூச்சு வாங்கி நிற்கும். சேலத்து டாக்டர் நரைத்த தலை, தாழ்ந்த குரல். அம்மாவிடமும் அப்பாவிடமும் நெடுநேரம் விசாரித்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. வாராவாரம் கூட்டி வர வேண்டும், சில மாதங்கள் ஆகலாம் என்றார். ஒவ்வொரு முறைக்கும் பீஸ் உண்டு.

திரும்பும் பஸ்ஸில் அப்பா பொருமிக்கொண்டே வந்தார். "மருந்துமில்ல, ஊசியுமில்ல. உக்காந்து பேசறதுக்கு பீசாம். பேச்சுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?"

என் அப்பா கஞ்சர் இல்லை. எனக்குக் கால் முறிந்திருந்தால் காடு தோட்டத்தை விற்றாவது கட்டுப்போட்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு, கண்ணுக்குத் தெரியாத வைத்தியத்துக்கு அவர் மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

"சரிங்க, நீங்க குடுக்க வேண்டாம்," என்றாள் அம்மா.

மறுநாள் காலை அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊர்க் கோடியில் இருந்த இன்னொருவர் கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளக் கூலிக்குப் போனாள். எங்களுக்கே கொடிக்கால் உண்டு. அங்கே ஆட்கள் கூலிக்கு வருவார்கள். அவர்களோடு வரிசையில் நின்று கிள்ளும் நிலைமை எங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்கும் வந்ததில்லை. வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒளிக்காமல் பதில் சொன்னாள்: "மவளுக்குச் சேலத்துல வைத்தியம் பாக்கறனுங்க. அதுக்குத்தான்."

சாயங்காலம் அப்பா கொதித்துப்போனார். "அடுத்தவங் கொடிக்காலுக்கு நீ கூலிக்குப் போறதா? ஊரு என்ன பேசும்?"

"புள்ளைக்காக ஒழைக்கறான்னு பேசும். பேசட்டுமுங்க. நானொண்ணும் திருடப் போகலீங்களே."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சில நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவின் கட்டைவிரல் நகம் வெற்றிலைச் சாற்றில் கறுத்துப்போனது. வாரத்தில் ஒரு நாள் அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு கரி பஸ் ஏறுவாள், நாமக்கல்லில் இறங்கி வேறு பஸ் மாறுவாள். மற்ற நாட்களில் கொடிக்கால்.

டாக்டரின் அறையில் நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருப்பேன். அவர் ஏதாவது பேசுவார். தம் வீட்டு மாடு கன்று போட்டது, தாம் சின்ன வயதில் இடிக்குப் பயந்து நெல்குதிருக்குள் ஒளிந்தது, இப்படி. நான் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் ஒரு நாளும் எதிர்பார்த்ததாகத் தோன்றவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. வெளியே எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு நாள் அவர் அம்மாவிடம், "பரிசல் சாய்ஞ்ச அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்கம்மா. குழந்தை கேட்கட்டும், பரவாயில்லை," என்றார்.

அம்மா அன்று பரிசலில் இல்லை. ஊரில் சொல்லக் கேட்டதைத்தான் சொன்னாள். வெள்ளம், காற்று, பரிசல் சாய்ந்தது. "ரெண்டு புள்ளைகளும் கையக் கோத்துக்கிட்டுத்தான் கெடந்துச்சுங்களாம். அப்புறம் இவ அவ கைய உட்டுட்டுப் பரிசல் விளிம்பப் புடிச்சுக்கிட்டா. அதுலதான் இவ பொழைச்சா."

"நான் கைய உடலை."

யார் பேசியது என்று எனக்கே தெரியவில்லை. கரகரத்த, என்னுடையதாக இல்லாத குரல். அம்மா அப்படியே திரும்பினாள். "நான் உடலைம்மா. இறுக்கித்தான் புடிச்சிருந்தேன். அவ கைதான் வழுக்கிட்டுப் போச்சு." அதன்பின் அழுகைதான் வந்தது. எத்தனையோ நாள் அழுகை.

டாக்டர் அவசரப்படவில்லை. நான் ஓய்ந்த பிறகு சொன்னார்: "நீ விடலைம்மா. தண்ணிதான் இழுத்துச்சு. பெரிய ஆளாலேயே பிடிச்சிருக்க முடியாது."

கரையேறியதுமே என் காதில் விழுந்து, பிறகு ஊரார் வாயில் அலைந்த அந்த ஒரு வரிதான் என் தொண்டையை அடைத்திருக்கிறது. கையை விட்டவள் என்று எல்லாரும் என்னை நினைக்கிறார்கள், இல்லை என்றால் யார் நம்புவார்கள் என்று பத்து வயது மனம் பூட்டிக்கொண்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து, "அப்பா, வந்துட்டனுங்க," என்றேன். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கட்டுத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவரும் வந்தார். பீஸை இரண்டு கையாலும் டாக்டரிடம் நீட்டி, "பேச்சுக்கும் கூலி உண்டுன்னு எனக்கு அன்னிக்குத் தெரியலீங்க," என்றார். அம்மா தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "பாதி என்னுதுங்க," என்றாள். வைத்தியம் முடியும் மட்டும் அவள் கூலிக்குப் போவதை நிறுத்தவில்லை. அப்பா தடுக்கவுமில்லை. கொடிக்காலுக்கு அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார்.

பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. ஆற்றங்கரைக்குப் போக வருஷங்கள் ஆயின. ஆனால் பள்ளிக்கூடம் போனேன். அவளைப் பெற்ற பக்கத்து வீட்டு அத்தையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என் உள்ளங்கையை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, பழையதை மறைத்துவிடச் சொல்லி உறவுக்காரர்கள் அம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "சின்ன வயசுல இவளுக்கு மனசுல நோய் இருந்துச்சுங்க. கூலிக்குப் போய் வைத்தியம் பாத்தேன். இப்ப நல்லா இருக்கறா. தெரிஞ்சு கட்டறவங்க கட்டட்டும்."

முதலில் வந்தவர்கள் காப்பியை முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அம்மா மிச்சத்தைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினாள்.

அடுத்து எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். அவர்களிடமும் அதே பேச்சு, அதே குரல். மாப்பிள்ளையின் தாயார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "அந்த டாக்டரு சேலத்துல எந்தப் பக்கம் இருக்கறாருங்க? என்ற சின்ன மவ ரெண்டு வருசமா ஊட்டை உட்டு வெளிய வாரதில்லீங்க. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்," என்றார்.

"நானே கூட்டிட்டுப் போறனுங்க," என்றாள் அம்மா.

கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்பே அந்தப் பெண்ணோடு அம்மா மூன்று முறை சேலம் போய் வந்துவிட்டாள். அந்த வீட்டுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். என் கல்யாணத்தில் முகூர்த்தப் பந்தலுக்கு வெளியே வந்து நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்தவள் அந்தப் பெண்தான், என் நாத்தனார்.