கட்டாயம் இல்லாமல் வந்த நீதிபதி

குடும்பச் சட்டத்தில் சிறப்பு வழக்கறிஞர் என்ற பட்டம் எனக்கு உண்டு. அது நிலைக்க வேண்டுமானால் வருடா வருடம் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்து நீதிபதிகளுக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. தீர்ப்பு எழுதுகிறவர்களை விட்டுவிட்டு வாதாடுகிற எங்களை மட்டும் ஏன் பிடித்து உட்கார வைக்கிறார்கள் என்று என் ஊரான ஊஸ்டரில் ரயில் ஏறும்போதெல்லாம் புறுபுறுப்பேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை ஓல்டனில் வகுப்பு. வேறு நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களை விசாரிப்பது பற்றிப் பேச்சு. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, தான் நீதிபதி என்றார். "வாய் திறக்காத ஒரு தகப்பனுக்குப் பிள்ளையில் அக்கறை இல்லை என்று தீர்ப்பு எழுதினேன். அது பிழையோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவரிடம் நான் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?" என்றார். நான் அசந்துபோனேன். தெரியாது என்று சொல்லக் கூசுகிற கூட்டம் நாங்கள். அவரோ விடுமுறை நாளில், யாரும் கேட்காமல் வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார்.

சில மாதங்களில் அவர் முன்னாலேயே என் வழக்கு வந்தது. என் கட்சிக்காரர் ஒரு தமிழர், டீட்டிகோனில் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வேலை செய்கிறவர். மணவிலக்குக்குப் பிறகு வார இறுதிகளில் மகள் அவரிடம் தங்கலாமா என்பதுதான் கேள்வி. தனியாக வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனிதர் அண்ணனோடு வந்து நின்றார். மூத்தவர் இருக்கும் இடத்தில் இளையவர் கதைப்பது எங்கள் ஆட்களுக்கு மரியாதையில்லை. நீதிபதி எதைக் கேட்டாலும் அண்ணன் பதில் சொன்னார், தம்பி தரையைப் பார்த்தார்.

நீதிபதி அண்ணனுக்கு நன்றி சொல்லி, வெளியே இருக்கும்படி பணிவாகக் கேட்டார். பிறகு மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தகப்பனிடம், "மகள் வரும் நாளில் என்ன செய்வீர்கள்?" என்றார். கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். நானாக இருந்தால் இடையில் புகுந்து கெடுத்திருப்பேன்.

"தலை இழுத்துப் பின்னிவிடுவன்," என்றார் அவர் கடைசியில். "முதல் கோணலாத்தான் வந்தது. பிள்ளை அழுதவள். இப்ப வடிவாப் பின்னுவன்."

"ஓம், அது உண்மைதான்," என்றார் எதிரே இருந்த பிள்ளையின் தாய். அன்றைக்கே உடன்பாடு எழுதியாயிற்று.

வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம்தான் ஓடி வந்தார். "என்ன முடிவு, தங்கச்சி?"

நான் வாயெடுக்குமுன் தம்பி முந்திக்கொண்டார்.

"சனிக்கிழமை பிள்ளை வாறாள், அண்ணை. நான்தான் கதைச்சனான்."